வில்லுப்பாட்டுக் குழுவின் பதிவுகளைச் சேர்ப்பது: கம்பெனிக் கேசட்டா, கொடைப் பதிவா, நோட்டீஸா?

நாங்குநேரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அவர் ஊர் அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வருடம் தவறாமல் வந்து பாடிய வில்லுப்பாட்டுக் குழு ஒன்றின் மேல் அவருக்குத் தீராத பிரியம். குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி காலமாகிவிட்டார், குழுவும் கலைந்துவிட்டது. குடம் அடித்தவரும் பின்பாட்டுப் பாடியவரும் மட்டும் இருக்கிறார்கள். கேசட், நோட்டீஸ், போட்டோ என்று அந்தக் குழுவின் ஞாபகமாக எது கிடைத்தாலும் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறார். 25,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். “எதுல போடலாம் அண்ணே?” என்று கேட்டார். போனில் பேசித் தீரவில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதே யோசனையில் இருக்கும் வேறு ஆட்களுக்கும் உதவட்டும்.

நான் 2009-லிருந்து வள்ளியூர்ப் பக்கத்துக் குழு ஒன்றின் பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போது 140 கேசட் கையில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இரவல் வாங்கிப் பிரதி எடுத்தபின் உரியவரே “நீங்களே வச்சுக்கிடுங்க” என்று தந்தவை. முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: காசையும் நேரத்தையும் கொடைப் பதிவுகளில், அதாவது கொடை ராத்திரியில் அங்கேயே எடுத்த பதிவுகளில் போடுங்கள். கம்பெனிக் கேசட் பிறகு. நோட்டீஸ் இரண்டுக்கும் முன்னால் வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. வில்லை மட்டும் விலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

முதலில் கம்பெனிக் கேசட். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்துச் சின்னக் கம்பெனிகள் குழுக்களை அழைத்து ஓர் அறையில் உட்காரவைத்துப் பதிவு செய்தன. சத்தம் சுத்தமாக இருக்கும். உடுக்கையின் விரல் அடி ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். குடத்தின் வாயில் விழும் அடிக்கும் வில்லில் விழும் வீசுகோல் அடிக்கும் வித்தியாசம் காதுக்குப் பிடிபடும். பாட்டின் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும், எழுதி எடுக்க வேண்டும் என்றால் இதைவிட நல்லது இல்லை. உள்ளே மடித்து வைத்த அட்டையில் அண்ணாவி படத்தோடு உடுக்கை யார், குடம் யார், ஜால்ரா யார், கட்டை யார் என்று பெயர்கள் இருக்கும். குழுவில் யார் எந்த வருடம் இருந்தார்கள் என்பதற்கு அந்த அட்டை ஓர் ஆவணம். அதனால் அட்டை இல்லாத கம்பெனிக் கேசட்டுக்குப் பாதி விலைகூடக் கொடுக்காதீர்கள்.

குறை என்னவென்றால், அது 60 நிமிடக் கேசட். கொடையில் ஒரு கதையை ஐந்தாறு மணி நேரம் பாடுவார்கள். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதை, கடைசியில் வாழி என்று அதற்கு ஒரு நடை இருக்கிறது. கம்பெனிக் கேசட்டில் முன்பகுதி முழுக்க ஐந்து நிமிடத்தில் ஓடிவிடும். வாழி சில கேசட்டில் இருக்கவே இருக்காது. அப்புறம், எல்லா ஊரிலும் விற்க வேண்டும் என்பதால் எல்லாருக்கும் தெரிந்த கதையைத்தான் பாடச் சொன்னார்கள்: சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன். உங்கள் ஊர்க் கோயில் சாமிக்கென்று அண்ணாவி கட்டிப் பாடிய கதை கம்பெனிக் கேசட்டில் வந்திருக்காது. ஆயிரம் வீட்டில் இருப்பது ஒன்று, உங்கள் ஊரில் மட்டும் இருந்தது இன்னொன்று. அரிய பதிவு என்ற பேச்சு இந்தக் கணக்கில்தான் தொடங்க வேண்டும்.

விற்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். பிரிக்காத கவரோடு ஒரு வில்லுப்பாட்டுக் கேசட் இருந்தால் “ரேர்” என்று போட்டு 800, 1,000 என்று கேட்கிறார்கள். கம்பெனி அடித்த கேசட் எப்படியும் இன்னொன்று எங்காவது கிடைக்கும். பாளை மார்க்கெட் பக்கத்துப் பழைய கடையிலோ, ஆக்கர் கடையில் எடை போட வந்த சாக்கிலோ நான் 20, 30 ரூபாய்க்கு எடுத்தவை உண்டு. பிரிக்காத கவர் என்பதால் நாடா நன்றாக இருக்கும் என்றும் இல்லை. நாடாவை டெக்கின் ஹெட்டோடு (நாடாவிலிருந்து சத்தத்தை எடுக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு, பசை காய்ந்து தானாகவே உதிரும். ஒருமுறைகூடப் போடாத கேசட்டிலும் உதிரும். பொறுமையாக இருங்கள். உங்கள் குழுவின் கம்பெனிக் கேசட் எத்தனை வந்தது என்று பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, எதிரே வரும்போது எடுத்தால் போதும்.

இனி கொடைப் பதிவு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

நம்ம பக்கம் கொடை என்றால் சித்திரை, வைகாசி, ஆடி, ஆவணி. திங்களோ வியாழனோ ராத்திரி சாமியை அழைக்கும் குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, ராத்திரி சாமக் கொடை. வில்லும் நையாண்டி மேளமும் மாறி மாறி நடக்கும். சுடலை கோயிலென்றால் மகுடம் என்ற தோல்கருவியை அடித்து ஆடும் கணியான் கூத்தும் சேரும். இந்த ராத்திரிகளை மூன்று வகை ஆட்கள் பதிவு செய்தார்கள். மைக் செட்காரர் தன் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேராக ஒயர் போட்டு டெக்கில் எடுத்தார். ஊரிலிருந்து துபாய், சிங்கப்பூர் போன வீட்டார் வாங்கி வந்த டேப் ரெக்கார்டரைப் பந்தல் காலில் கட்டி எடுத்தார்கள். மூன்றாவது, குழுவே தன் பாட்டைக் கேட்டுத் திருத்திக்கொள்ள எடுத்தது. இந்த மூன்றில் மைக் செட்காரரின் பதிவில் அண்ணாவி குரல் தெளிவாக இருக்கும், கூட்டத்தின் சத்தம் குறைவு. பந்தல் காலில் கட்டியதில் குரல் தூரத்தில் கேட்கும், ஆனால் அந்த இடமே இருக்கும்: குலவை, ஜெனரேட்டர், தூங்கும் பிள்ளையை எழுப்பும் ஒரு அம்மா, நடுவில் “வரிதாரர்கள் உடனடியாக நடைக்கு வரவும்” என்ற அறிவிப்பு.

கம்பெனி அறையில் ஒருபோதும் நடக்காத ஒன்று கொடையில் நடக்கும். சுடலை கதையில் பார்வதி முந்தானையில் விளக்கின் சுடர் விழுந்து பிள்ளை பிறக்கும் இடம். அண்ணாவி நிறுத்தி நிறுத்தித்தான் பாடுவார். யாரோ ஒரு சாமியாடிக்கு உடம்பு அதிரத் தொடங்கினால் உடுக்கை அதைப் பார்த்து முடுக்கும், குடம் உடுக்கையைத் தொடரும், அண்ணாவி கதையை விட்டுவிட்டு அதே இரண்டு வரியையே திரும்பத் திரும்ப ஏற்றுவார். சாமி இறங்கி அருள்வாக்கு சொல்லி முடியும் வரை கதை காத்திருக்கும். பத்து நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம். என்னிடம் இருக்கும் ஒரு பதிவில் அண்ணாவி அந்த இரண்டு வரியை 41 தடவை பாடுகிறார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு எழுத்தில் அழுத்தம் மாறுகிறது. கம்பெனிக் கேசட்டில் அதே இடம் நாலு வரி, அவ்வளவுதான். எதிரே ஆள் இருந்தால்தான் வில்லுக்கு உயிர் என்று பெரியவர்கள் சொல்வதைக் காதால் கேட்க வேண்டுமென்றால் கொடைப் பதிவில்தான் கேட்க முடியும்.

கொடைப் பதிவைக் காசு கொடுத்து வாங்குவது அபூர்வம். கேட்டுத்தான் வாங்க வேண்டும். திசையன்விளைப் பக்கம் ஒரு மைக் செட் அண்ணாச்சி குடோனில், குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் பிஸ்கட் டின் ஒன்றில் 30 கேசட் இருந்தது. விலை பேசிப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. “எங்க அப்பா ராத்திரி பூரா உக்காந்து புடிச்சது தம்பி. இத வித்து நான் என்ன செய்யப் போறேன்? கொண்டு போயி கேளுங்க. ஆனா திருப்பித் தரணும், பாத்துக்கிடுங்க” என்றார். பத்துப் பத்தாக வாங்கி, பிரதி எடுத்து, திருப்பிக் கொடுத்து, கூடவே அவர் அப்பா பதிவு செய்ததை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டும் கொடுத்தேன். மூன்றாவது தடவை போனபோது அவரே வேறு இரண்டு ஊர் ஆட்களுக்குப் போன் போட்டுத் தந்தார். அன்றைக்கு விலை பேசியதை நினைத்து இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் இதில் முதலீடு.

கொடைப் பதிவின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சி-90, அதாவது 90 நிமிடக் கேசட்டில் எடுத்திருப்பார்கள், அடிக்கடி மாற்ற வேண்டாமே என்று. சி-60-ஐவிட சி-90 நாடா மெலிது, இழுபடும், சிக்கும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் திருப்ப வேண்டும். திருப்புகிறவர் டீ குடிக்கப் போயிருந்தால் கதையில் ஐந்து நிமிடம் காணாமல் போய்விடும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் நம்ப முடியாது. “சுடலை 2” என்று மட்டும் இருக்கும். ஊர் எது, வருடம் எது, ஒன்று எங்கே, ஒன்றும் தெரியாது.

பக்கம் திருப்பும் இடைவெளிக்கு ஒரு மருந்து இருக்கிறது. ஒரே ராத்திரியை இரண்டு பேர் பதிவு செய்திருந்தால் இருவரும் ஒரே நிமிடத்தில் பக்கம் திருப்பியிருக்க மாட்டார்கள். எனக்கு இது ஒருமுறை வாய்த்தது. முத்துப்பட்டன் கதை. பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு பெண்களைப் பட்டன் மணந்த கதை. காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் இன்றும் பட்டனுக்குத் தனி இடம் உண்டு. மைக் செட் பதிவில், பெண்களின் தகப்பன் பட்டனிடம் நிபந்தனை போடும் இடத்தில் நாடா முடிந்து போயிருந்தது. மறுபக்கம் தொடங்கும்போது கல்யாணமே முடிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து அதே ஊரில் ஒரு பெரியம்மா வீட்டில், பந்தல் காலில் கட்டி எடுத்த கேசட் ஒன்று கிடைத்தது. தேடிய அந்த ஏழு நிமிடமும் அதில் இருந்தது. இரண்டு டெக்கும் ஒரே வேகத்தில் ஓடியிருக்கவில்லை, சுதி கொஞ்சம் விலகியிருந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றை இழுத்து இன்னொன்றோடு பொருத்தினேன். தெளிவான குரல் சட்டென்று தூரத்துக்குப் போய், குலவைச் சத்தம் நெருங்கி வந்து, ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் குரல் பக்கத்தில் வரும். அந்தப் பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “அது எங்க அத்தை குலவை” என்றார்.

இன்னொன்று: சினிமாப் பாட்டு என்று எழுதிய வீட்டுக் கேசட்டையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேளுங்கள். காசு மிச்சம் பிடிக்க வில்லுப்பாட்டு மேலேயே பாட்டுப் பதிந்த வீடுகள் அதிகம். கேசட் முதுகில் உடைத்த ஓட்டையின் மேல் செலோ டேப் ஒட்டியிருந்தால் அது யாரோ ஒருமுறை பாதுகாத்து, பிறகு வேறொருவர் அழித்த கேசட். பாட்டு முடிந்தபின் மிச்சமிருக்கும் நாலைந்து நிமிட நாடாவில் பழைய கொடை அப்படியே இருக்கும். இப்படி மட்டுமே எனக்கு மூன்று கதைகளின் வாழி கிடைத்திருக்கிறது.

நோட்டீஸுக்கு வருவோம். ரோஸ் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் அடித்த கொடை நோட்டீஸ்களைச் சட்டம் போட்டு மாட்ட ஆசையாக இருக்கும். மாட்டுங்கள், அழகுதான். ஆனால் அதன் அருமை கீழ் வரியில் இருக்கிறது. நாள், குடியழைப்பு நேரம், வில்லிசை இத்தனை மணிக்கு இன்ன குழு, நையாண்டி மேளம் இன்னார் என்று எல்லாம் போட்டபின் கடைசியில் “ஒலி ஒளி” என்று மைக் செட் பெயர் இருக்கும். அந்த ராத்திரியின் பதிவு உலகத்தில் எங்காவது இருக்குமென்றால் முதலில் கேட்க வேண்டிய கதவு அதுதான். அதனால்தான் நோட்டீஸை முன்னால் வைக்கச் சொல்கிறேன். திசையன்விளை அண்ணாச்சியையும் நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

வருடம் கண்டுபிடிக்கவும் நோட்டீஸ் வேண்டும். தென்பகுதியில் பழைய நோட்டீஸ்களில் கேரளத்துக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில வருடம் தெரிய, ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை 824-ஐக் கூட்டுங்கள். அதன்பின் ஆடி முடியும் வரை 825. அப்படியென்றால் கொல்லம் 1165 ஆவணிக் கொடை 1989-ல் நடந்தது, 1165 சித்திரைக் கொடை 1990-ல். கேசட்டில் அறிவிப்பாளர் “நாளை செவ்வாய்க்கிழமை ஆடி 9” என்று சொல்வதைப் பிடித்துவிட்டால், நோட்டீஸோடும் பழைய பஞ்சாங்கத்தோடும் வைத்துப் பார்த்து வருடத்தை நிச்சயம் செய்யலாம். நோட்டீஸ் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். கோயில் வரிப் பணம் பிரிக்கிறவர் வீட்டுக் கணக்கு நோட்டுக்குள்ளும், அடித்துக் கொடுத்த அச்சகத்தின் பழைய கட்டுக்குள்ளும் கேளுங்கள். வாங்க முடியாவிட்டால் போனில் படம் எடுத்துக்கொண்டாலே வேலை நடக்கும்.

கதை நோட்டு வேறு சங்கதி. அண்ணாவி கைப்பட எழுதிய பாட்டு நோட்டை விலைக்குத் தருகிறேன் என்று யாராவது வந்தால், அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் பாடவில்லையா என்று முதலில் விசாரியுங்கள். பேரன் ஒருவன் பாடத் தொடங்கியிருந்தால் நோட்டு அவனிடம்தான் இருக்க வேண்டும். நீங்கள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வில்லும் அப்படித்தான். பத்தடிக்கும் நீளமான வில், அதில் கட்டிய மணிகள், குடம், வீசுகோல் எல்லாம் வரவேற்பறைச் சுவரில் பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் அது தொழில் கருவி, பூஜை செய்து எடுக்கும் பொருள். தாம்பரத்திலோ பெங்களூரிலோ ஃப்ளாட் சுவரில் அது மௌனமாகத் தொங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வைக்க இடமில்லாமல் தருகிறார்கள் என்றால் பாடுகிற வேறு குழுவுக்கு வாங்கிக் கொடுங்கள்.

யூடியூபில் இருப்பதையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இறக்கி வையுங்கள், செலவில்லை. ஆனால் அவற்றில் பல, கேசட்டிலிருந்து எம்பி3 சிடிக்கும் அங்கிருந்து வீடியோவுக்கும் போனவை; ஒவ்வொரு தடவையும் ஜால்ராவின் கூர்மை கொஞ்சம் போயிருக்கும். வானொலியைப் பொறுத்தவரை, திருநெல்வேலி நிலையம் 1963-லிருந்து இயங்குகிறது. அதில் வில்லுப்பாட்டு வரும்போது வீட்டில் டேப்பில் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் போன்றவர்களின் மேடை வில்லிசை தேடினால் கிடைக்கும், நன்றாகவும் இருக்கும். அது கொடை வில்லிலிருந்து வேறு வகை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நான்காவது வழி, புதிதாகப் பதிவு செய்வது. தம்பி இதை யோசிக்கவே இல்லை. குடம் அடித்தவரும் பின்பாட்டுக்காரரும் இருக்கிறார்கள் என்றால், சேர்க்க வேண்டியவற்றிலேயே அவசரமானது அவர்கள் ஞாபகம்தான். அண்ணாவி ஒரு வரி எடுக்க, வாங்கிப் பாடியவருக்குப் பாதிக் கதை மனப்பாடமாக இருக்கும். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அவர் நினைவில் இருப்பதைப் பாடச் சொல்லுங்கள். பழைய கேசட்டைப் போட்டுக் காட்டி, இது எந்த ஊர், யார் உடுக்கை, ஏன் இந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். உறை இல்லாத கேசட்டுகளுக்கு ஊர் பெயர் போட்டுக் கொடுக்க உயிரோடு இருக்கும் ஒரே ஆள் அவராக இருக்கலாம். கேசட் இன்னும் சில வருடம் தாங்கும். 78 வயது ஆளிடம் அடுத்த சித்திரைக்கு வருகிறேன் என்று சொல்லாதீர்கள். நான் ஒருவரிடம் அப்படிச் சொன்னேன். பங்குனியில் தகவல் வந்தது.

அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஒருநாள் கச்சேரிக்கு என்ன வாங்குவார்களோ அதைக் கேட்டு, குறைக்காமல் கொடுங்கள். பதிவை வெளியிடுவதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 வருடமும், பாடி நடித்தவருக்குத் தன் நிகழ்ச்சி மேல் 50 வருடமும் உரிமை உண்டு. பழைய கொடைப் பாட்டுதானே, யாருக்கும் உரியதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாமி வந்து அருள்வாக்கு சொல்லும் பகுதியை, சட்டம் என்ன சொன்னாலும், அந்தக் கோயில் ஆட்களைக் கேட்காமல் நான் எங்கும் போடுவதில்லை.

சரி, காசுக் கணக்கு. எனக்கு ஆனதைச் சொல்கிறேன். பழைய டெக் 4,500, ரப்பர் பெல்ட் மாற்றி ஹெட் சுத்தம் செய்ய 900. கம்ப்யூட்டரில் சேர்க்கும் ஆடியோ பெட்டி 3,000. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு, 9,000. ஆகமொத்தம் 17,400. யூஎஸ்பி வைத்த மலிவான வாக்மேன் மாதிரிப் பொருளை வாங்காதீர்கள். வேகம் நிலையாக இருக்காது, ஹெட்டைச் சரிசெய்யவும் வழியிருக்காது. நல்ல டெக்கில் ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கேசட்டை ஓடவிட்டு அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். மந்தமாக இருந்த ஜால்ரா ஓர் இடத்தில் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் மாறும், ஏனென்றால் ஒவ்வொன்றையும் வேறு வேறு டெக்கில் பதிந்திருக்கிறார்கள். நான் சேர்த்த பதிவுகளில் சத்தம் நன்றாக இருப்பதற்கு இந்த ஸ்க்ரூதான் முக்கியக் காரணம்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வேவ் ஃபைலாக எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். 300 மணி நேரம் சேர்த்தாலும் டிஸ்க்கில் இடம் மிச்சம் இருக்கும். ஆடாசிட்டி இலவச மென்பொருள், அது போதும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கை வைக்காதீர்கள், குலவையும் சேர்ந்து போய்விடும். கேட்பதற்கு எம்பி3 தனியாகச் செய்துகொள்ளலாம். ஒரு டிஸ்க் உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில்.

வேறு ஊரில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மீறி வீடுகளுக்குள் வந்தது. ஏரல் பக்கம் ஒரு வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்த கேசட் பெட்டி மூன்று நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தது. பிரதி இல்லை. வெயிலில் காயப்போடாதீர்கள், டெக்கில் போடாதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டு, வழி திறந்ததும் போனேன். ஸ்க்ரூ போட்ட கேசட்டுகளைத் திறந்து, நாடாவைச் சுத்தத் தண்ணீரில் அலசி, நிழலில் நாள் கணக்கில் உலரவிட்டு, வேறு கேசட் கூட்டுக்குள் மாற்றினேன். பெட்டியில் இருந்த 30-ல் 11 பாடியது. ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டிய கேசட்டுகளைத் திறப்பதற்குள் சிலவற்றில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. பிழைத்த 11-ல் ஒன்று, அந்த வீட்டுப் பாட்டியின் அண்ணன் 1987-ல் பாடிய இசக்கியம்மன் கதை.

வீட்டில் வைக்கும்போது தரையிலும் மேற்குச் சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் அந்தச் சுவர் ராத்திரி வரை கொதிக்கும். ஸ்டீல் பீரோவில், ஸ்பீக்கருக்குத் தள்ளி, புத்தகம் போல நிமிர்த்தி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியே எடுத்துவிடுங்கள், மற்றதற்கும் பரவும்.

ஆக, தம்பி, 25,000-ல் மிச்சம் 7,600. அதில் 4,000-ஐ அந்த இரண்டு பேருக்கென்று எடுத்து வையுங்கள், முதலில் அவர்களிடம் போங்கள். 2,000 போக்குவரத்துக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் போகும்போது வாங்கிப் போகிற பழத்துக்கும். மீதி 1,600-க்குக் கம்பெனிக் கேசட், அதுவும் அட்டையோடு இருந்தால் மட்டும். பிரதி எடுத்ததில் ஒரு தொகுப்பைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்குப் பணம் குறைவு, நேரம் அதிகம் என்றால் டெக்கை இரவல் வாங்கலாம், என்னுடையதையே தருகிறேன். பணம் இருக்கிறது, லீவு இல்லை என்றால் பின்பாட்டுக்காரரை மட்டும் பாருங்கள், மற்றது எல்லாம் அடுத்த வருடம். அடுத்த வாரம் ஊருக்கு வருகிறீர்கள் என்று சொன்னீர்கள். வரும்போது வரிக் கணக்கு வைத்திருக்கும் உங்கள் பெரியப்பாவிடம் பழைய நோட்டீஸ் இருக்கிறதா என்று கேட்டு, கீழ் வரியில் யார் பெயர் இருக்கிறது என்று எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.